ஹெட்ஃபோனுக்குள் ஒரு ‘ம்’

காதக்காவை நான் முதன்முதலில் பார்த்தபோது, எதுவுமே கேட்காத ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கேட்கவில்லை என்று யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. திரையில் ஒலிப்பதிவு ஓடிக்கொண்டிருந்தது, விரல்கள் எழுத்துப் பலகையின்மேல் தயாராக இருந்தன, ஆனால் காலையிலிருந்து ஒரு வரிகூட அடித்திருக்கவில்லை.

அது விசாரணைகளின் ஒலிப்பதிவைக் கேட்டுத் தட்டச்சு செய்து கொடுக்கும் அலுவலகம். மூன்றாவது மாடியில் நீளமான ஓர் அறை, பதினொரு மேசைகள், பதினொரு பேர். பேசக் கூடாது என்பது அந்த அறையின் சட்டம். ஒவ்வொருவர் காதிலும் வேறு வேறு ஆட்கள் அழுவார்கள், சத்தியம் செய்வார்கள், மறந்துபோச்சு என்பார்கள். பதிவு நம் கைக்கு வருவதற்குள் அதில் பேசியவர் செத்துப்போயிருப்பதும் உண்டு. வெளியிலிருந்து வருகிறவனுக்குக் கேட்பதெல்லாம் தட்டச்சுச் சத்தமும் மின்விசிறிச் சத்தமும்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த அறைக்குள் நுழையும்போதெல்லாம் எனக்குப் பிடரியில் யாரோ ஊதுவதுபோல் இருக்கும்.

நான் அங்கே கணினிகளைப் பார்த்துக்கொள்கிறவன். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள். அப்பா மற்றவர்கள் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர்; அவர் பையன் குளிர்சாதன அறையில் லினக்ஸ் கணினிகளுக்கு அதிகாரி என்பதில் எனக்குக் கொஞ்சம் அல்ல, நிறையவே பெருமை இருந்தது.

மேலாளர் என்னை அனுப்பும்போது சொல்லி அனுப்பினார்: “மிஷின் கோளாறா, காது கோளாறான்னு பாத்துட்டு வா. காதுன்னா இந்த மாசத்தோட அந்தச் சீட்டுக்கு வேற ஆள் போட்டுடலாம்.”

காதக்கா என்பது அலுவலகம் வைத்த பெயர். எறும்பு தும்மினாலும் தட்டச்சு செய்துவிடுவார் என்று எதிர்மேசைக்காரர் சொல்வார். மற்றவர்கள் ‘தெளிவில்லை’ என்று விட்ட இடங்களை அவரிடம்தான் கொண்டுபோய்ப் போடுவார்கள். வயது ஐம்பத்து நான்கு. கணவர் இறந்து மூன்று வருடம். ஒரே மகள் வேறு ஊரில். அந்த நாற்காலி போய்விட்டால் அவருக்குப் போக்கிடம் வீட்டுச் சுவர்கள் நான்குதான்.

நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்ததும் மெதுவாகக் கேட்டார்: “காது போயிடுச்சா தம்பி?”

“முதல்ல மிஷினைப் பாப்போம்கா.”

தண்ணீர் வரவில்லை என்றால் அப்பா கடைமடையில் நின்றுகொண்டு கத்த மாட்டார். மண்வெட்டியோடு தலைமடைவரை நடந்து, எங்கே அடைத்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே போவார். நானும் அப்படித்தான் போனேன். ஒயரைப் பிடுங்கிச் சொருகினேன். வேறு ஹெட்ஃபோன் மாட்டினேன். திரையில் சத்தத்தின் அளவு முழுதாக இருந்தது. கணினியோ சத்தத்தை ஹெட்ஃபோனுக்கு அனுப்பாமல், ஒலிபெருக்கியே இல்லாத திரைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அதை மாற்றினேன். அப்போதும் ஊமை. இணையத்தில் யாரோ ஒரு புண்ணியவான் இதே பிரச்சினைக்கு இருபது வரி அமைப்பு எழுதி, ‘எனக்கு வேலை செய்தது’ என்று போட்டிருந்தான். அப்படியே அள்ளிக் கணினி தொடங்கும்போது படிக்கும் கோப்பில் ஒட்டி, மறுபடி தொடங்கினேன். அப்போதும் ஊமைதான்.

இதற்குள் இரண்டு மணி நேரம் ஓடிவிட்டது. அறையில் பேசக் கூடாது என்றாலும் காதக்கா கிசுகிசுப்பாகத் தன் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கணவர் கடைசல் பட்டறையில் வேலை செய்தவர். நல்ல மனிதர், கை நீட்டாதவர், குடிக்காதவர். ஆனால் வாயைத் திறக்காதவர். நான் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்ததால் சட்டென்று நிறுத்தினார்.

“கேக்குறீங்களா தம்பி? ஒரு ‘ம்’ கொட்டினா வாயா வலிக்கும்? அவரும் இப்படித்தான். இருபத்தாறு வருஷம் சுவத்துக்கிட்ட பேசின மாதிரி.”

“ம், சொல்லுங்கக்கா,” என்றுவிட்டு, கடைசியாக, கணினிக்குள் ஒவ்வொரு சத்தத்தையும் கூட்டிக் குறைக்கும் ஒலிக்கலவை நிரலைத் திறந்தேன். கறுப்புத் திரை. வரிசையாகத் தூண்கள். ஒவ்வொன்றும் ஒரு மடை: பிரதானம், ஹெட்ஃபோன், மைக் என்று. மற்ற தூண்களின் அடியில் 00 என்றிருந்தது. ஹெட்ஃபோன் தூணின் அடியில் மட்டும் MM.

“இதுதானா” என்று நான் முனகியதும் அவர் எட்டிப் பார்த்தார்.

“அது நல்லாத்தானே இருக்கு? ‘ம்ம்’னு போட்டிருக்கே.”

எனக்கு விளங்க ஒரு நிமிடம் ஆயிற்று. MM என்றால் அந்த மடை அடைத்திருக்கிறது என்று பொருள். 00 என்றால் திறந்திருக்கிறது. காதக்கா நேர்மாறாகப் படித்திருக்கிறார். முந்தின நாள் சத்தம் கொஞ்சம் குறைவாக இருந்திருக்கிறது. எனக்கு முன் இருந்த கணினிக்காரர் எழுதி ஒட்டிவிட்டுப் போன காகிதத்தைப் பார்த்து அக்கா இந்தத் திரையைத் திறந்திருக்கிறார். எல்லாவற்றிலும் 00. சைபர் என்றால் ஒன்றுமில்லை என்றுதானே அர்த்தம்? ஹெட்ஃபோன் தூணில் நின்று ஏதேதோ விசையை அழுத்த, அது ‘ம்ம்’ என்றது. சரி என்று சொல்லிவிட்டதே என்று நிம்மதியாக மூடிவிட்டார்.

“எங்க பொண்ணு போன்ல எதுக்கும் இதைத்தான் அனுப்புவா. சாப்பிட்டியா? mm. உடம்பு எப்படி இருக்கு? mm. நல்லா இருக்கான்னுதான் நான் எடுத்துக்குவேன்.”

நான் சிரித்துவிட்டேன். ஒவ்வொரு தூணாக நகர்ந்து, அடைத்தது, குறைந்தது என்று பார்க்காமல் எல்லாவற்றையும் முழுதாகத் திறந்துவிட்டேன். மடை திறந்ததுபோல் சத்தம் வந்தது. காதக்காவின் முகத்தில் உயிர் திரும்பியதை அன்று கண்ணால் பார்த்தேன். எனக்கு ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் தட்டச்சு செய்யத் தொடங்கிவிட்டார்.

மேலாளரிடம் போய் நடந்ததைச் சிரித்துக்கொண்டே சொன்னேன். மிஷினில் ஒன்றுமில்லை, அக்காதான் தெரியாமல் அடைத்துவிட்டார் என்று. அவர் சிரிக்கவில்லை. காதுக்குத்தான் வயசாகிவிட்டது என்று நினைத்தால் மூளைக்குமா என்றார். இன்னொரு தப்பு வந்தால் நாற்காலி இருக்காது என்று அக்காவிடமே சொல்லிவிடச் சொன்னார். சொன்னேன். காதக்கா தலையைக் குனிந்துகொண்டு, “ம்,” என்றார்.

பத்து நாள் கழித்து, மாடிப்படித் திருப்பத்தில் தண்ணீர் பிடிக்கும் இடத்தில் என்னை நிறுத்தினார்.

“தம்பி, இந்த மிஷினை எனக்கு முன்னாடி யார் வச்சிருந்தாங்க?”

புதிது, பெட்டி பிரித்ததே உங்களுக்காகத்தான் என்றேன். டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். தான் தட்டச்சு செய்யும்போது கூடவே இன்னொருவர் தட்டச்சு செய்கிறாராம், தனக்கு ஒரு மயிரிழை பின்னால். தான் நிறுத்தினால் அவரும் நிறுத்துகிறாராம். பதிவை நிறுத்தி வைத்தாலும் காதுக்குள் ஆள் இருக்கிறது. நாற்காலி அசைகிறது. மூச்சு கேட்கிறது.

“அந்த மூச்சு எனக்குத் தெரியும் தம்பி. மூணு மாசம் ஆஸ்பத்திரியில பக்கத்துல உக்காந்து கேட்ட மூச்சு.”

பழைய பதிவுகளின் மிச்சமாக இருக்கும், ஹெட்ஃபோன் மலிவானது என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். இறந்துபோன மனிதர் எழுத்துப் பலகை தட்டுகிறார் என்றால் படித்தவன் என்ன சொல்ல முடியும்? அவர் என் சமாதானத்தைக் கேட்டுக்கொண்டதாகவே தெரியவில்லை.

“இப்ப ‘ம்’ கொட்டுறார்,” என்றார். “சாட்சிக்காரங்க பேசப் பேச, இடையில இடையில. கனமா, மூக்கால. உயிரோட இருந்தப்போ ஒரு தடவை கொட்டலை.”

“நீங்க ஏதாவது பேசிப் பாத்தீங்களா?”

“பேசலை. பேசினா போயிடுமோன்னு இருக்கு.”

அதன்பிறகு அவரைக் கவனிக்கத் தொடங்கினேன். காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்துவிடுவார். சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் எழுந்து போக, அவர் மட்டும் ஒன்றும் ஓடாத திரைக்கு முன்னால் ஹெட்ஃபோனோடு உட்கார்ந்திருப்பார். கண் மூடியிருக்கும். உதட்டில் ஒரு சிரிப்புக்கூட இருக்கும். “அக்கா சீட்டுல இப்ப ரெண்டு பேர் வேலை பாக்குறாங்க, சம்பளம்தான் ஒண்ணு” என்று எதிர்மேசைக்காரர் கேலி செய்தார். அதற்கும் காதக்கா கோபப்படவில்லை. உண்மையிலேயே அந்த நாட்களில் அவர் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு பக்கங்கள் அடித்தார். எனக்கு அந்த மேசையைக் கடந்து போகவே தயக்கமாக இருந்தது. தொங்கும் ஒயரைச் சுற்றிவைக்க வேண்டும் என்றாலும், அவர் இல்லாத நேரத்தில் போக மாட்டேன்; இருக்கும் நேரத்திலும் போக மாட்டேன்.

பிறகு அந்தக் கிடங்கு விசாரணை வந்தது. ஒரு கிடங்கில் தீப்பிடித்து, உள்ளே இருந்த தொழிலாளி ஒருவர் பின்கதவைத் திறக்க முடியாமல் இறந்துபோயிருந்தார். விசாரணை அதிகாரி காவலாளரைக் கேட்கிறார்: “பின்கதவைப் பூட்டினது நீங்கதானே?” காவலாளர் பதில் சொல்லவில்லை. இப்படி யாராவது பேசாமல் இருந்தால் ‘பதில் இல்லை’ என்று போடுவது எங்கள் வழக்கம். காதக்கா தட்டச்சு செய்த பக்கத்தில் அந்த இடத்தில் ‘ம்’ என்று இருந்தது.

ஓர் எழுத்துதான். ஆனால் அந்த ஓர் எழுத்தில் காவலாளர் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறார்.

கையெழுத்துப் போடக் கொடுத்தபோது அவர் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, நான் வாயே திறக்கலையே என்று அழுதிருக்கிறார். பக்கம் திரும்பி வந்தது. மேலாளர் தன் கணினியில் பதிவைப் போட்டுக் கேட்டார். கேள்விக்குப் பிறகு நான்கு விநாடி மௌனம். ‘ம்’ இல்லை. காதக்காவைக் கூப்பிட்டு அவர் காதாலேயே கேட்க வைத்தார். அங்கே அவருக்கும் கேட்கவில்லை. என் மிஷினில் கேட்டது என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றாராம்.

மேலாளர் ஒரு படிவத்தை என்னிடம் நீட்டினார். கணினியில் குறை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டுவிட்டால், தப்பு காதக்காவுடையது. மாதக் கடைசியில் கணக்கை முடித்து அனுப்பிவிடுவார்கள்.

“சும்மா ஒரு சடங்குக்குப் பாத்துட்டு வந்து போடு,” என்றார்.

போனேன். மணி பதினொன்று இருக்கும். நல்ல வெயில், சன்னல் வழியாக மேசைமேல் விழுந்திருந்தது. காதக்கா எழுந்து நின்று நாற்காலியை எனக்கு விட்டார். ஹெட்ஃபோனை மாட்டினேன்.

யாரோ இருந்தார்கள். காதருகே ஒருவர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். நான் ஒரு வார்த்தை அடித்தேன். பின்னாலேயே அவரும் அடித்தார். நிறுத்தினேன், நிறுத்தினார். பட்டப்பகலில், பத்துப் பேர் நடுவில், என் கையில் மயிர் சிலிர்த்து நின்றது. எழுந்து ஓடிவிடலாம் என்றுதான் தோன்றியது. தொண்டை வறண்டு இருமல் வந்தது. இருமினேன்.

கால் நொடி கழித்து, காதுக்குள் அவரும் இருமினார். என் இருமல்.

ஹெட்ஃபோனோடு சேர்ந்த குச்சி மைக் என் வாய்க்கு நேராக நின்றுகொண்டிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். அதை விரலால் தட்டினேன். காதில் இடித்தது. தொடக்கக் கோப்பைத் திறந்தேன். இணையத்திலிருந்து நான் அள்ளி ஒட்டிய இருபது வரிகளும் அப்படியே இருந்தன. அவற்றில் பதினான்காவது வரி, மைக்கில் விழுவதையெல்லாம் எடுத்து, ஒரு சுற்று சுற்றிக் கொஞ்சம் தாமதமாகக் காதுக்கே திருப்பி அனுப்பச் சொல்லும் வரி. எவனோ தன் மைக்கைச் சோதிக்க எழுதிக்கொண்டது. நான் படிக்கவே இல்லை. போதாததற்கு, மைக் மடையையும் அன்று நானேதான் முழுதாகத் திறந்துவிட்டிருந்தேன்.

மூச்சும் தட்டச்சும் சரி. அந்த ‘ம்’?

காதக்காவை உட்காரச் சொன்னேன். கிடங்குப் பதிவை ஓடவிட்டு, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். கேள்வி வரும் நேரம் திரும்பி வந்த பக்கத்தில் குறித்திருந்தது. கேள்வி முடிந்தது. ஒன்று, இரண்டு விநாடி. உதடு மூடியபடியே இருக்க, அவர் தொண்டை மெல்ல அசைந்தது. சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“கேட்டீங்களா? சொன்னார் பாருங்க.”

மைக்கின் ஒயரைக் கழற்றிவிட்டு, மறுபடி அதே இடத்தைப் போட்டேன். விரலைத் தன் தொண்டையில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். கேள்வி வந்தது. மௌனம் வந்தது. விரலுக்கடியில் அது அதிர்ந்திருக்க வேண்டும். காதில் ஒன்றும் வரவில்லை.

விரலை எடுக்காமல் அப்படியே இருந்தார். எதிர்மேசைக்காரர் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்.

“அப்ப நான்தானா?”

மைக் வாய்க்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தால் குரல் கனத்து வேறு ஆள் மாதிரி இருக்கும், யாருக்குமே தன் குரலைப் பதிவில் கேட்டால் அடையாளம் தெரியாது என்று நான் சொல்லிக்கொண்டே போனேன். அந்த வரியை ஒட்டியது நான்தான் என்பதையும் சொன்னேன். அவர் அதையெல்லாம் கேட்ட மாதிரி இல்லை.

“நான் ஏதாவது கேப்பேன், அவர் பாட்டுக்கு உக்காந்திருப்பார். எவ்வளவு நேரம் பாக்குறது? நானே ‘ம்’னு சொல்லிக்கிட்டு அடுத்ததுக்குப் போயிடுவேன். அவருக்குப் பதிலா.” கண்ணாடியைக் கழற்றினார். “இந்தக் காவக்காரர் சும்மா இருந்ததும், அவருக்கும் நானே சொல்லிட்டேன் போல.”

அவர் அழவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். பதினான்காவது வரி திரையில் இருந்தது. அதை அவருக்குக் காட்டினேன். புரியாத எழுத்துகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“இதை எடுத்தா?”

“ஒண்ணும் கேக்காதுக்கா. பதிவு மட்டும்தான்.”

பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். சாப்பாட்டுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

“நான் கீழ போய் கொஞ்சம் நடந்துட்டு வர்றேன். அதுக்குள்ள எடுத்துடுங்க தம்பி. நான் இருக்கும்போது வேண்டாம்.”

அவர் படியிறங்கும் சத்தம் அடங்கும்வரை காத்திருந்தேன். எத்தனையோ கணினிகளில் எத்தனையோ வரிகளை அழித்திருக்கிறேன்; அந்த ஒரு வரியை அழிக்கத்தான் கை வரவில்லை. மைக்கின் ஒயரை மறுபடி சொருகி, ஒருமுறை ஹெட்ஃபோனை எடுத்துக் காதில் வைத்தேன். நான் உட்கார்ந்த நாற்காலியின் அசைவும், தூரத்துத் தட்டச்சும், மின்விசிறியும். கழற்றி வைத்துவிட்டு அழித்தேன்.

படிவம் மேசைமேல் இருந்தது. ‘கணினியில் குறை இல்லை’ என்று எழுதிவிடலாம். இப்போது அது பொய்யும் அல்ல. வேலையில் என்னை நிரந்தரமாக்கும் கடிதம் அடுத்த மாதம் வர வேண்டும். பையன் தப்பே செய்ய மாட்டான் என்று அப்பா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். காதக்காவின் தப்பை நான் எவ்வளவு சிரிப்போடு மேலாளரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தேன் என்பதும் நினைவுக்கு வந்தது. கணினியில் குறை இருந்தது, மைக்கில் விழுந்த சத்தம் பதிவோடு கலந்து கேட்டது, அந்தக் குறையை உண்டாக்கியது நான், காரணம் படிக்காமல் ஒட்டியது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மூன்று முறை திருத்தி எழுதியும் நான்கு வரிக்குமேல் வரவில்லை.

மேலாளர் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார்.

“படிக்காம ஒட்டினேன்னு எழுதியிருக்க.”

“ஆமா சார்.”

“நீதானே உங்க வீட்ல முதல்ல படிச்சவன்?”

மேலாளர் படிவத்தைக் கோப்பில் வைத்தார். என்னை நிரந்தரமாக்குவதை ஆறு மாதம் தள்ளிவைத்தார். காதக்காவின் கோப்பில் இருந்த இரண்டு குறிப்புகளில், ‘ம்’ பற்றியதை எடுத்துவிட்டு, ஹெட்ஃபோனை அடைத்ததை மட்டும் வைத்துக்கொண்டார். நாற்காலி தப்பியது.

காவலாளரின் பக்கத்தை வேறு யாரிடமும் கொடுக்கக் காதக்கா சம்மதிக்கவில்லை. அன்று பிற்பகல் அவரே உட்கார்ந்து, உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு, முதலிலிருந்து கேட்டுத் தட்டச்சு செய்தார். மற்ற நாட்களில் பத்து நிமிட வேலை. அன்று ஒரு மணி நேரத்துக்குமேல் ஆயிற்று. ‘பதில் இல்லை’ என்று அடித்துவிட்டு, அந்த இடத்தை மட்டும் இன்னொரு முறை ஓடவிட்டுக் கேட்டார். பிறகு பக்கத்தை அச்சுக்கு அனுப்பினார்.

இது நடந்து ஒன்றரை வருடம் ஆகிறது. காதக்கா இப்போதும் அதே அறையில், சன்னலோர மேசையில் இருக்கிறார். மைக் இல்லாத ஹெட்ஃபோன் வாங்கித் தரச் சொல்லி எழுதிக் கொடுத்தார், அதைத்தான் பயன்படுத்துகிறார். சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்களோடு கீழே இறங்கி வருகிறார், அதிகம் பேசுவதில்லை. போன மாதம் அவருக்குச் சர்க்கரை இருப்பது தெரியவந்து, மாத்திரை போடுகிறார். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது.